ஒருத்தருக்கும் இல்லை

அப்பா அன்றைக்குச் சொன்ன பொய்யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "பாவம், வயது போன மனுசன்தானே" என்று சொந்தக்காரர் யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். வயது போனவர்கள் பொய் சொல்லலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

டவுன்டவுனில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் அந்தப் பொய் சொல்லப்பட்டது. எனக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, கீமோ தொடங்கி, தலைமயிர் எல்லாம் கொட்டி முடிந்திருந்த நேரம். பரம்பரையாக வந்ததா என்று பார்க்க வேண்டும், பெற்றோரையும் கூட்டிவந்தால் நல்லது என்று மரபணு ஆலோசகர் சொல்லியிருந்தார். ஸ்காபரோவின் ஓரத்தில் எங்கள் வீடு இருக்கிற ரூஜிலிருந்து காரில் வருகிற வழி முழுக்க அப்பா வாயே திறக்கவில்லை. நெடுஞ்சாலையில் யாராவது குறுக்கே வெட்டினால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிற மனுசன், அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

ஆலோசகர் ஒரு இளம் பெண். ஒரு தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரையத் தொடங்கினார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், செத்துப்போனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. அம்மாவின் பக்கம் மளமளவென்று நிரம்பியது. யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், யார் ஷெல் விழுந்து செத்தார் என்று அம்மா ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். பிறகு அப்பாவின் பக்கம் வந்தது. ஆலோசகர் கேட்டதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"உங்கட பக்கத்தில ஆருக்கும் புற்றுநோய் இருந்ததோ எண்டு கேக்கிறா."

"ஒருத்தருக்கும் இல்லை."

"மாமிக்கு?"

"அவளுக்கு அல்சர்."

மாமி என்பது அப்பாவின் ஒரே தங்கச்சி. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், ஊரிலேயே செத்துப்போனவர். அம்மா நிலத்தைப் பார்த்தார். நான் அந்த அல்சரை இங்கிலீசில் சொன்னேன். ஆலோசகர் மாமியின் வட்டத்துக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். அப்பாவின் பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், கல்யாண அட்டை அடிக்கிற கடையில் அவருக்கு வேலை. பெட்டை பெரியபிள்ளையானால் சாமத்திய வீடு, கல்யாணம், புது வீட்டுக்குக் குடிபூரல், செத்தவருக்கு அந்தியேட்டி என்று நம் சனத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். கடை அவருடையதல்ல. ஆனால் அட்டை மெஷினுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்லுகிற ஆள் அவர்தான். மாப்பிள்ளையின் பேர் சரியா, நேரம் சரியா, மண்டபத்தின் விலாசம் சரியா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். "ஒண்டில பிழை விட்டால் எல்லா வீட்டுக்கும் பிழை போகும்" என்பார்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. எல்லாருடைய அட்டையையும் அடிப்பதால் எல்லாருடைய குடும்பத்தையும் அவருக்குத் தெரியும். அதனால் பெண் பார்க்கிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் அவருக்கு ஃபோன் பண்ணுவார்கள். "அண்ணை, அவையள் எப்பிடி? வருத்தம் துன்பம் ஏதும்?" அப்பா குரலைத் தாழ்த்துவார். "தாய்க்கு அந்த வருத்தம் வந்தது. மற்றும்படி நல்ல சனம்." புற்றுநோய் என்ற சொல் அவர் வாயில் வராது. அந்த வருத்தம் என்றாலே போதும், அந்தச் சம்பந்தம் அதோடு சரி. பள்ளிக்கூட விடுமுறைக்குக் கடையில் நான் அட்டை மடித்துக்கொண்டிருந்த நாட்களில் இதை என் காதால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஊரார் வீட்டு வருத்தத்தைச் சொல்லும்போது அவருக்கு ஞாபகசக்தி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது தங்கச்சிக்குக் கல்யாணம் சரிவந்திருந்தது. அவள் கனடாவில் பிறந்தவள், எனக்கும் அவளுக்கும் நல்ல வயது வித்தியாசம். பாங்கில் வேலை. மாப்பிள்ளை அவளே பார்த்த பெடியன், ஆனாலும் இரண்டு வீடும் சாதகம் பார்த்து, விசாரித்து, திருப்திப்பட்டு, அடுத்த வைகாசியில் நாள் வைத்திருந்தார்கள். என்னுடைய கல்யாணம் முறிந்து நான் அப்பா வீட்டு மேல்மாடி அறைக்குத் திரும்பி வந்தவள். அதுவே குடும்பத்துக்கு ஒரு கரும்புள்ளி. அதற்கு மேல் என் தலை மொட்டையானது அவர்களுக்குப் பொறுக்குமா? நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களிடம் எனக்குத் தைராய்டு என்று சொல்லி வைத்தார்கள். விக் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த விக் இப்போது குப்பையில்.

இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்ற மரபணு என்னில் பழுது. ஆலோசகர் அதை விளக்கியபோது பாதிதான் விளங்கியது. மீதியைக் கீமோ ஏறுகிற நாற்காலியில் இருந்து வாசித்து நானே விளங்கிக்கொண்டேன். பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள் நான், விஞ்ஞானி இல்லை. ஆனால் என் உடம்புக்குள் நடக்கிறதை நான் அறியாமல் வேறு யார் அறிவது?

பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோமே, இங்கே செல் என்கிறார்களே, அது இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன்னிடம் உள்ள குறிப்பு முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுத்தால் பிழை வரும். அந்தப் பிழைகளைப் பிடித்துத் திருத்தவும், திருத்த முடியாவிட்டால் பிரிவை நிறுத்தவும் சில மரபணுக்கள் காவல் இருக்கின்றன. கட்டி வளராமல் அடக்குகிற மரபணுக்கள் என்று அவற்றுக்குப் பேர். அப்பா கடையில் செய்கிற வேலையைத்தான் அவை உடம்புக்குள் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் எல்லாருக்கும் இரண்டு உண்டு, ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. எனக்கு இந்த மரபணுவில் பிறக்கும்போதே ஒன்றுதான் வேலை செய்தது. எங்கோ ஒரு கலத்தில் அந்த ஒன்றும் பழுதுபட்டது. அதற்குப் பிறகு அந்தக் கலத்தில் பிழையைத் திருத்த ஆள் இல்லை.

ஆள் இல்லாவிட்டால் மெஷினாவது சும்மா கிடக்கலாமே. கிடக்க விடாது ஈஸ்ட்ரஜன் என்கிற ஹோர்மோன். மார்புக் கலங்களுக்குப் பிரி, பிரி என்று ஓர்டர் கொடுப்பது அதுதான். ஆவணி மாத முகூர்த்தத்துக்கு அட்டை அடிக்கக் கொடுத்தவர்கள் நாளைக்கே வேண்டும் என்று கடையில் வந்து நிற்பதைப்போல அது நிற்கும். அவசரத்தில் அடித்ததில்தான் பிழை கூடப் போகும் என்று அப்பாவே சொல்லுவார். ஈஸ்ட்ரஜன் ஒரு இடத்தில் மட்டும் உண்டாகிறதும் இல்லை. முட்டை உண்டாகிற சூலகம் ஓய்ந்தாலும், உடம்புக் கொழுப்பு ஆண் ஹோர்மோனை எடுத்து ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டிருக்கும். ஆண்களின் உடம்பிலும் அப்படித்தான். ஈரல் அதை உடைத்து வெளியே அனுப்ப வேண்டும், உடையும்போது வருகிற சில துண்டுகளும் கலத்தின் குறிப்பைக் கடிக்கும் என்கிறார்கள். எனக்கு ஊசி போட்டுச் சூலகத்தை நிறுத்தியதும், கொழுப்பில் நடக்கிற மாற்றத்தைத் தடுக்க மாத்திரை தந்ததும் இதனால்தான். நாற்பது தாண்டிய உடனே எனக்குக் கிழவியின் எலும்பு, கிழவியின் வியர்வை.

ஆலோசகர் கடைசியாகச் சொன்னது இதுதான். கூடப்பிறந்தவளுக்கும் இந்தப் பழுது இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண்களுக்கும் வரலாம், அவர்களுக்கும் மார்பில் புற்றுநோய் வரும். தங்கச்சி உடனே வந்து இரத்தம் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கே தங்கச்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் சாரி பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற பை. பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அப்பா சொல்றார் ஃபாமிலியில ஒருத்தருக்கும் இல்லையெண்டு. வை வுட் ஹீ லை?"

"ஆர் சொன்னாலும் சொல்லாட்டிலும் எனக்கு இருக்கு. அது காணும் நீ செக் பண்ண."

"ஐ நோ. ஆனா இப்ப வேண்டாம். கல்யாணம் முடியட்டும். ஐ ஜஸ்ட் வோன்ட் திஸ் வன் இயர், அக்கா. ப்ளீஸ்."

கல்யாணம் முடியட்டும் என்பது அவளுடைய வசனமே இல்லை. அப்பாவின் வசனம். எனக்கு முதல் அவர் அவளிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குசினியில் பிடித்தேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மாமிக்கு உண்மையில் என்ன வருத்தம் என்று கேட்டேன். அம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை.

"வயிறு வீங்கினது. அல்சருக்கு வயிறு வீங்குமே? சூலகத்தில எண்டு பெரியாஸ்பத்திரியில சொன்னவை. கலியாணம் கட்டாத பெட்டை, வயிறு வீங்கிக் கிடக்குது. ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சுப் பார். உன்ர அப்பம்மா அல்சர் எண்டு சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகு அந்த வீட்டில ஆரும் வேற கதை கதைச்சதில்லை."

"நீங்கள் அண்டைக்கு அந்த அறையில சொல்லியிருக்கலாமே?"

"அவருக்கு முன்னாலயோ?"

அம்மாவோடு அதற்கு மேல் கதைத்துப் பிரயோசனமில்லை. நேரே கடைக்குப் போனேன். அப்பா மேசையில் தங்கச்சியின் கல்யாணத்துக்கு மாதிரி அட்டைகளைப் பரப்பி வைத்து, சிவப்பா மெரூனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"மாமிக்கு கான்சர். உங்களுக்குத் தெரியும்."

அவர் முதலில் கடை வாசலைப் பார்த்தார், ஆராவது நிற்கிறார்களா என்று. பிறகுதான் என்னைப் பார்த்தார். "மெல்லமாக் கதை."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அவையள் எழுதினால் எழுதினதுதான். நாளைக்கு ஆரும் விசாரிச்சால் என்ன சொல்லுறது? உனக்குத் தெரியும்தானே எப்பிடி விசாரிப்பினம் எண்டு."

"தெரியும். உங்களிட்டத்தானே விசாரிக்கிறவை."

அது அவருக்குச் சுட்டது. முகம் கறுத்துப்போனது. அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். "கலியாணம் முடியட்டும். பிறகு எல்லாரும் போய்ச் செக் பண்ணுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?"

"அந்த வருத்தம் நாள் பாத்தா வரும்? முகூர்த்தம் முடியுமட்டும் வாசல்ல நிக்குமா?"

"ஏன் உப்பிடிக் கண்டறியாத கதை கதைக்கிறாய்? அவளுக்கு ஒண்டும் இல்லை. நீ சும்மா அந்தப் பிள்ளையை வெருட்டாதை."

நான் எத்தனை தரம் சொன்னாலும் தங்கச்சி அசையவில்லை. அவளுக்கு அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வருத்தம் வந்தவளின் பேச்சையா, வருத்தமே இல்லை என்கிற தகப்பனின் பேச்சையா கேட்பாள்? எது கேட்க நன்றாக இருக்கிறதோ அதைக் கேட்டாள். அந்தக் கோடை முழுக்க அவள் பிளவுஸ் அளவு கொடுக்கப் போனாள், மேக்கப் பார்க்கப் போனாள், மாலைக்குச் சொல்லப் போனாள். அவள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கண் அவளுடைய மார்பில்தான் போய் நிற்கும். ஒரு தமக்கை தங்கச்சியைப் பார்க்கிற பார்வையா அது? அப்படிப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

கோடை முடிகிற நேரம் எங்கள் கோயிலில் தேர் வந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நான் முதல்தரம் சனத்துக்கு முன்னால் போன நாள். விக் போடவில்லை. முளைத்துக்கொண்டிருந்த மயிரோடு, அரை அங்குலம் இருக்கும், அப்படியே போனேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நம் கோயிலில் ஆண்கள் சேட் போட்டுக்கொண்டு உள்ளே போகிறதில்லை. வேட்டி, இடுப்பில் சால்வை, வெறும் மேல். சுவாமி தூக்குகிறவர்களும் அப்படித்தான். அப்பா கனடா வந்த நாளிலிருந்து தேருக்குச் சுவாமி தூக்குகிறவர். சுவாமியைத் தாங்குகிற முன்பக்கத்துக் கொம்புக்கு அவருடைய தோள்தான், அது எழுதாத சட்டம். அந்த முறை அவர் முழுக்கைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வெளியே செருப்புகள் கழற்றுகிற இடத்தில் நின்றார். அனல் வெயில், தார் இளகுகிறது. சுவாமி தூக்க நின்றவர்களில் ஒருவர் வந்து கூப்பிட்டார்.

"வாங்கோ அண்ணை, உங்கட இடம் சும்மா கிடக்குது."

"தோள்மூட்டு நோகுது. இந்த முறை ஏலாது."

ஏலாத அந்தத் தோளில்தான் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பந்தலுக்கு நடந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அம்மா சிரித்தார்.

"உவருக்கு வயசு போகப் போக வெக்கம் வருது. வீட்டில பெனியனோட திரிஞ்ச மனுசன், இப்ப குளிச்சிட்டு வரேக்கையே பட்டன் பூட்டிக்கொண்டுதான் வாறார். படுக்கிறதும் சேட்டோடதான்."

எனக்குக் காலுக்குக் கீழே இருந்த தார்ச்சூடு தெரியவில்லை. ஆலோசகரின் குரல்தான் கேட்டது. ஆண்களுக்கும் வரும்.

கோயிலில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சுவாமிக்காக. வீட்டுக்கு வந்து, அப்பா வரவேற்பறைச் சோபாவில் இருந்து திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

"சேட்டைக் கழட்டுங்கோ அப்பா."

"உனக்கென்ன விசரே?"

"ஓம். விசர்தான். கழட்டுங்கோ."

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். தங்கச்சி சாரி ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி படியில் இறங்கி வந்து நின்றாள். அப்பா அவளைக் கண்டதும் கையால் கழுத்துப் பட்டனைப் பொத்திப் பிடித்தார்.

"பிள்ளைக்கு முன்னால வேண்டாம்" என்றார்.

"அவளுக்கு முன்னாலதான் வேணும்."

அவர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். இடது பக்கத்து முலைக்காம்பு உள்ளே இழுபட்டு, அதைச் சுற்றித் தோல் சுருங்கி, அதற்குக் கீழே கொட்டைப்பாக்களவில் ஒரு கட்டி. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. அம்மா "ஐயோ" என்றபடி சுவரோடு சரிந்து இருந்துவிட்டார்.

"எப்பவிருந்து?" என்று கேட்டேன்.

அவர் சுவரோடு இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"அப்பா, எப்பவிருந்து?"

"உனக்கு வருத்தமெண்டு சொல்லுறதுக்கு முன்னமே." சேட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து மூடப் பார்த்தார். "அதுக்கு முதல் வருசம். சவரம் செய்யேக்க கண்ணாடியில கண்டனான். ஆம்பிளைக்கு மார்பில வருமெண்டு சொன்னால் சனம் சிரியாதே? பிறகு இவளின்ர சம்பந்தம் வந்திட்டுது. சரி, கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தனான்."

அந்த ஜன்னல் இல்லாத அறையில் அவர் ஒருத்தருக்கும் இல்லை என்று சொன்னபோது, அது அவருடைய சேட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கட்டியைக் கண்ட வருசமே அவர் ஒரு டொக்டரிடம் வாயைத் திறந்திருந்தால் அவருடைய இரத்தத்தைப் பார்த்திருப்பார்கள். பழுதைக் கண்டிருப்பார்கள். என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். என்னுடையது கடலைக்கொட்டை அளவில் இருக்கும்போதே பிடித்திருக்கலாம். அக்குளுக்குள் பரவும்வரை அது வளர்ந்தது. பிரி, பிரி என்று என் கலங்கள் பிரிந்துகொண்டிருந்த அந்த ஒரு வருசம் முழுக்க இந்த மனுசன் பட்டன் பூட்டிக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

"உனக்கு வந்தது என்னாலயோ?" என்று கேட்டார். குரல் கீச்சென்று வந்தது.

"மரபணு தந்ததுக்கு எனக்கு உங்களில கோவமில்லை. அது உங்கட கையில இல்லை. வாயைத் திறக்கிறது உங்கட கையிலதான் இருந்தது."

அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது, அதற்காகவும் கோபம்தான் வந்தது. தங்கச்சி அழவில்லை. கையிலிருந்த ஊசிகளை மேசையில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் கட்டியை நன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த கவுன்சிலர்ட நம்பரைத் தா, அக்கா."

இலை உதிர்கிற காலத்தில் அப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. இப்போது அவருக்கும் ஈஸ்ட்ரஜனுக்கு எதிரான மாத்திரை. காலையில் தேத்தண்ணியோடு அவர் ஒரு மாத்திரை, நான் ஒரு மாத்திரை. இரண்டு பேருக்கும் உடம்பு திடீரென்று கொதிக்கும். தை மாதத்துப் பனியில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்துவிட, அம்மா நடுவில் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு இருப்பார். நானும் அப்பாவும் ஒருவரோடொருவர் அதிகம் கதைப்பதில்லை. ஜன்னலைச் சாத்து, திற, அவ்வளவுதான்.

தங்கச்சிக்கும் அந்தப் பழுது இருக்கிறது. ஸ்கானில் ஒன்றும் இல்லை. வருசா வருசம் பார்க்க வேண்டும், பிள்ளைகள் பெற்ற பிறகு என்ன செய்வது என்று அவளே முடிவெடுக்க வேண்டும். முடிவு வந்த அன்றைக்கே மாப்பிள்ளையிடம் தானே போய்ச் சொன்னாள். அவன் தன் தாயிடம் சொன்னான். தாய் அப்பாவுக்கு ஃபோன் பண்ணினார். "அண்ணை, நாங்கள் உங்களிட்டத்தானே விசாரிச்சனாங்கள்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். அப்பா ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றார். பெடியன் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நின்றுபோகவில்லை. தாயின் முகம் மட்டும் அதற்குப் பிறகு மலரவில்லை. அவரில் எனக்குக் குறையில்லை. அவரிடமும் பொய்தானே சொன்னது.

வைகாசியில் ஸ்காபரோவில் மண்டபம் நிறையச் சனம். கன்னிகாதானத்துக்கு அப்பாவை மணவறைக்கு ஐயர் கூப்பிட்டார். வேட்டி, வெறும் மேல், தோளைச் சுற்றிச் சால்வை. சால்வைக்குக் கீழே இடது பக்கத்தில் முலைக்காம்பு இல்லை, குறுக்கே ஒரு நீளத் தழும்பு. அம்மாவின் பெரியம்மா மகள், எல்லா விசேஷத்திலும் முன்னால் நின்று நாட்டாமை செய்கிற மனுசி, ஓர் ஊசியோடு மணவறையில் ஏறினார்.

"அத்தான், சால்வையைக் குத்திவிடுறன். தழும்பு வீடியோவில விழும்."

நான் எட்டி அந்த ஊசியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பிடுங்கினேன் என்று அவர் இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சரி, பிடுங்கினேன்தான்.

அப்பா தங்கச்சியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அம்மா தண்ணீர் வார்த்தார். அப்பா முன்னுக்குக் குனிய, சால்வை தோளிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. கமெரா லைட் நேரே நெஞ்சில் அடித்தது. அவரிடம் ஃபோன் பண்ணி விசாரித்த சனம் முழுக்க அந்த மண்டபத்தில் இருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் இருந்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் சால்வையை எடுக்கவில்லை.

தண்ணீர் சொட்டுகிற கையோடு நிமிர்ந்து என்னைத் தேடினார். ஊசியைப் பிடித்தபடி நான் மணவறை ஓரத்தில் நின்றேன். போதுமா பிள்ளை என்று கேட்கிற மாதிரி என்னையே பார்த்தார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.